பணம் வரும் நாளை எதிலிருந்து எண்ணுவது?

ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஒரு வீடியோவுக்கு எவ்வளவு வாங்கலாம், ஒரு கட்டுரைக்கு என்ன ரேட் சொல்லலாம் என்பதைத்தான். தொகை முக்கியம்தான். ஆனால் நம்மைப் போன்றவர்களை அதிகம் அலைக்கழிப்பது, அந்தத் தொகை வந்து சேரவேண்டிய நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்விதான்.

தீபாவளிக்காக ஒரு ஜவுளிக்கடை வீடியோவை எடுத்துத் தரும்படி ஒரு விளம்பர ஏஜென்சி எனக்கு அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டரின் கடைசி வரி, "வீடியோ வெளியான தேதியிலிருந்து 60 நாட்களில் பேமென்ட்" என்றிருந்தது. மேலோட்டமாகப் படித்தால் இதில் குறை எதுவும் தெரியாது. ஆனால் வெளியிடுவது அவர்கள் கையில் இருக்கிறது. கடைக்காரர் மனம் மாறி வேறொரு வீடியோவைப் போட்டுவிட்டாலோ, பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாலோ, ஸ்கிரிப்ட் எழுதி, கேமராவை வாடகைக்கு எடுத்து, எடிட்டருக்குக் கைக்காசு கொடுத்து வேலையை முடித்தவருக்கு அந்த 60 நாள் தொடங்கவே தொடங்காது. "பிராண்டிடமிருந்து வந்ததும் தருகிறோம்" என்பதும் இதே வகைதான். அவர்களுக்குள் இருக்கும் கொடுக்கல் வாங்கலின் தாமதத்தை மூன்றாவது ஆளான நாம் ஏன் சுமக்க வேண்டும்? நான் அந்த வரியை அடித்துவிட்டு, "இறுதிக் கோப்பை ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள்" என்று திருத்தி அனுப்பினேன். கொஞ்சம் தயங்கினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

இப்படிக் கேட்பதற்குச் சட்டத்திலேயே பிடிமானம் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சேவை பெற்றவர், எழுத்தில் எப்படி ஒப்பந்தம் போட்டிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டிப் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. கெடு எதுவும் எழுதப்படவில்லை என்றால் 15 நாட்கள்தான். ஏற்றுக்கொண்ட நாள் எது என்பதையும் அந்தச் சட்டமே சொல்லிவிடுகிறது. ஒப்படைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள்; ஆட்சேபம் வந்தால், அது தீர்க்கப்பட்ட நாள். வெளியான நாள் என்ற பேச்சே அதில் இல்லை. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டப்படும் கூட்டு வட்டி.

தனி ஆளாக வேலை செய்பவரும் ஆதாரையும் பான் எண்ணையும் வைத்து, இந்தப் பதிவுக்கென மத்திய அரசு நடத்தும் உத்யம் தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது, ஏனெனில் பின்னால் செய்யும் பதிவு பழைய பாக்கிக்குக் கைகொடுக்காது. சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் இத்தகைய பாக்கிப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றங்கள் இருக்கின்றன. ஆனால் நடைமுறையில் மன்றத்தைவிட வேகமாக வேலை செய்வது, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தம்தான். கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும் ஆண்டில்தான் சேவையை வாங்கியவர் தன் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்பதால், இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் பார்த்ததும் அக்கவுன்ட்ஸ் பிரிவே மார்ச் முடிவதற்குள் நம்மைத் தேடி வருகிறது.

அட்வான்ஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாதித் தொகை முன்பணம், இரண்டு முறை கரெக்‌ஷன், அதற்குமேல் தனிக் கட்டணம் என்பதை யாரும் புரிந்துகொள்வார்கள். டிடிஎஸ் என்று வருமான வரிக்காக 10 சதவீதம் பிடித்தால், அது வருமான வரித் தளத்தில் உள்ள வரிப் பிடித்தக் கணக்கில் நம் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

உரிமை விஷயத்தில்தான் எழுதுபவரும் வீடியோ எடுப்பவரும் வேறுபடுகிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஃப்ரீலான்ஸாக எழுதிய கட்டுரையின் முதல் உரிமையாளர் எழுதியவரே. அதைக் கையெழுத்திட்ட எழுத்து மூலமாகத்தான் மாற்றித் தர முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் ஐந்தாண்டுக்கு மட்டுமே. வீடியோவுக்கோ, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பாக்கி நிற்கும்போதே வீடியோ அவருடையதாகிவிடும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால், முழுத் தொகையும் வந்து சேரும்வரை வீடியோவின் உரிமை எடுத்தவரிடமே இருக்கும், அதற்குப் பிறகே கைமாறும் என்ற வரியைக் கோட்டேஷனில் சேர்த்து, அதில் இருவரும் கையெழுத்திட்ட பிறகுதான் படப்பிடிப்புக்கு நாள் குறிக்கிறேன்.