மின்ஷுக்குவில் தங்கப் போகிறவர்களுக்கு: பாய், தொட்டி, மாசி

யப்பானில் மலிவாகத் தங்க இடம் தேடினால் மின்ஷுக்கு என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். ஒரு குடும்பம் தன் வீட்டில் நாலைந்து அறைகளை ஒதுக்கி ஆட்களைத் தங்க வைப்பதுதான் மின்ஷுக்கு. சமைப்பது, குளியல் தொட்டிக்குத் தண்ணீர் சுட வைப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்த வீட்டு ஆட்களே. விலை குறைவதற்குக் காரணம் இதுதான். அங்குள்ள ஒவ்வொரு கட்டுப்பாடும் இதிலிருந்துதான் வருகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து பதிவு செய்பவர்கள் விடும் முதல் பிழை காசு விசயத்தில். விலை பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஆளுக்கு. சாப்பாடில்லாமல் தங்குவதைச் சுதோமாரி என்பார்கள். ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 4,000 முதல் 6,000 யென் வரும். இரவும் காலையும் சாப்பாடு சேர்ந்தால் இப்பாக்கு நிஷோக்கு. 8,000 யென்னிலிருந்து 10,000 வரை, சில ஊர்களில் அதற்கும் மேல். நாலு பேர் ஒரே அறையில் படுத்தாலும் நாலு பேருக்கும் காசு. வெந்நீர் ஊற்றுள்ள ஊர் என்றால் குளியல் வரி என்று ஆளுக்கு வழக்கமாக 150 யென் தனியாகக் கேட்பார்கள். சின்ன வீடுகளில் கார்ட் எடுக்காமலும் விடலாம், தாளாக வைத்திருங்கள். கடவுச்சீட்டைப் பிரதி எடுப்பது அங்கத்தைய சட்டம், அதற்குத் தயங்க வேண்டாம்.

பின்னேரம் 3 மணிக்கு முன் அறை தர மாட்டார்கள். 5 மணிக்குள் போய்விடுவது நல்லது, ஏனென்றால் இராச்சாப்பாடு 6 அல்லது 6:30க்கு வைக்கப்படும். ஒருவர் பிந்தினால் குசினி முழுவதும் காத்திருக்கும். பிந்தும் என்று தெரிந்தால் மத்தியானமே அறிவித்துவிடுங்கள். 10 அல்லது 11 மணிக்கு வாசற்கதவு பூட்டும் வீடுகளும் உண்டு. காலைச் சாப்பாடு 7:30 என்றால் யாழ்ப்பாணத்து நேரப்படி அது விடிய 4 மணி. முதல் நாள் எழும்பச் சிரமமாகத்தான் இருக்கும்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றும் தாழ்ந்த தளம் கென்கான். எங்களுக்குச் செருப்பை வெளியில் விடுவது புதிதில்லை. ஆனால் கழற்றிய காலை அந்தத் தாழ்ந்த தளத்தில் ஊன்றிவிட்டு மேலே ஏறுவது அங்கே பிழை. சப்பாத்திலிருந்து நேரே மேற்படிக்குக் கால் போக வேண்டும். உள்ளே விறாந்தைக்கு ஒரு செருப்பு, கழிப்பறைக்கு இன்னொன்று. தத்தாமி என்ற பாய் விரித்த அறைக்குள் எந்தச் செருப்பும் இல்லை.

தத்தாமியை எங்கள் புற்பாயின் தடித்த அண்ணன் என்று சொல்லலாம். ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர் அகலம், 180 நீளம், ஐந்து ஆறு சென்ரிமீற்றர் தடிப்பு. மேலே இகுசா என்ற கோரையில் நெய்த பாய், உள்ளே பழைய முறையில் வைக்கோல். அறையின் அளவையே இதை வைத்துத்தான் சொல்வார்கள்: ஆறு பாய் அறை என்றால் சுமார் 10 சதுர மீற்றர். இதைக் கழுவ முடியாது. தேத்தண்ணி சிந்தினால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். சில்லு வைத்த பெட்டியை உருட்டினால் கோரை கிழியும், ஆகவே தூக்கிக்கொண்டு போய் மரப்பலகை உள்ள ஓரத்தில் வையுங்கள். சுவரில் சற்று உயர்ந்த மாடம் ஒன்று, ஒரு தொங்கு படத்தோடோ பூச்சாடியோடோ இருக்கும். அது தொக்கோனோமா, பெட்டி வைக்கும் இடமல்ல. காலையில் ஊதுபத்தி, கற்பூரம் கொளுத்தும் பழக்கமுள்ளவர்கள் அறைக்குள் அதைக் கொளுத்தக் கூடாது. மரமும் கடதாசியும் வைக்கோலுமான வீடு அது.

படுக்கையை நீங்களே விரிக்க வேண்டியிருக்கும். சுவர் அலுமாரியில் மடித்திருக்கும் தடித்த மெத்தை கீழே, அதன் மேல் வெள்ளை விரிப்பு, மேலே போர்வை. தலகணி சில வீடுகளில் சோபா தானியத்தின் உமி நிரப்பியது, கடினமாக இருக்கும். வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று எங்கள் அம்மம்மாமார் சொல்வதை அங்கேயும் சொல்வார்கள். இறந்தவரைத்தான் அப்படிக் கிடத்துவது. அறையில் இருக்கும் யுகாத்தா என்ற பருத்தி அங்கியை உடுத்தும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அதுவும் பிணத்துக்கு உடுத்தும் முறை. காலையில் மெத்தையை விரித்தபடி விடாதீர்கள். உடம்பின் ஈரம் அடியில் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். மூன்றாக மடித்தால் போதும். தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் தலகணியில் ஒரு துவாய் போடுங்கள்.

கூடுதலாகப் பிழை நடப்பது குளியலில். கிணற்றடியில் சாரத்தோடோ குறுக்குக்கட்டோடோ குளித்தவர்களுக்கு உடுப்பில்லாமல் குளிப்பதே முதல் தயக்கம். பல மின்ஷுக்குகளில் குளியலறை ஒன்றே ஒன்று, உள்ளே பூட்டிக்கொண்டு ஒருவராகவோ ஒரு குடும்பமாகவோ குளிக்கலாம். பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டால் மனம் நிம்மதி. பெரிய பொதுத் தொட்டி என்றால் கீரிமலையைப் போல ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி, ஆனால் உள்ளே துணி கிடையாது.

நினைவில் வைக்க வேண்டியது: தொட்டி ஊறுவதற்கு, அழுக்குப் போக்குவதற்கு அல்ல. சின்ன வாங்கில் இருந்து, வாளியால் அள்ளி ஊற்றி, சவுக்காரம் போட்டுத் தேய்த்து, நுரை ஒரு துளியும் இல்லாமல் அலசிய பிறகுதான் உள்ளே இறங்க வேண்டும். நீளமான கூந்தலை மேலே கட்டுங்கள், துவாய் தண்ணீரில் படக்கூடாது. சூடு 40 முதல் 42 பாகை. ஐந்து பத்து நிமிடம் போதும், தலை சுற்றினால் மெதுவாக எழும்புங்கள். வெளியே வந்ததும் அடைப்பைப் பிடுங்காதீர்கள். வீட்டுத் தொட்டியில் ஏறத்தாழ 200 லீற்றர் இருக்கும், அன்றிரவு எல்லாருக்கும் அதே தண்ணீர்தான். சூடு போகாமல் மூடியை மூடிவிட்டு வாருங்கள். எண்ணெய் முழுக்கை ஊருக்கு வந்து வைத்துக்கொள்ளலாம்.

சைவச் சாப்பாட்டுக்காரர் கவனமாக வாசிக்க வேண்டியது இனி. மரக்கறி மட்டும் என்று சொன்னால் வீட்டுக்காரர் மீன் துண்டை எடுத்துவிட்டு மகிழ்ச்சியோடு பரிமாறுவார். ஆனால் மிசோ சூப், அவித்த மரக்கறி, முட்டைச் சுருள், சோபா நூடில்ஸின் குழம்பு எல்லாவற்றிலும் தாஷி என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் கட்சுவோபுஷியில் எடுப்பது. எங்கள் சம்பலில் இடிக்கும் மாசி எந்த மீனோ, கட்சுவோபுஷியும் அதே சூரை மீன்தான். அவித்து, புகையூட்டி, கட்டையாகக் காய வைத்துச் சீவுவார்கள். ஆகவே "நிக்கு மோ சகானா மோ தாபேமாசென், கட்சுவோ தாஷி மோ தாபேமாசென்" என்று முழுதாகச் சொல்லுங்கள்: இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை, கட்சுவோ தாஷியும் சாப்பிடுவதில்லை. கொம்பு என்ற கடற்பாசியில் எடுக்கும் தாஷி உங்களுக்குச் சரி. இதைப் பதிவின்போதே எழுத வேண்டும், சாப்பாட்டு மேசையில் சொன்னால் பயனில்லை. அவர்களால் முடியாது என்றால் சுதோமாரி எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சைவம் வேண்டுமென்றால் கோயாசான் மலைக்குப் போகலாம். 50க்கும் மேற்பட்ட கோயில்கள் அங்கே ஆட்களைத் தங்க வைக்கின்றன, உள்ளியும் வெங்காயமும் கூடச் சேர்க்காத துறவிச் சமையல். காசு மட்டும் மின்ஷுக்குவைவிடக் கூடும்.

கழிப்பறையில் வாளியும் கோப்பையும் இருக்காது. தண்ணீர் பீச்சும் இருக்கை இல்லாத பழைய வீடுகளுக்கு ஒரு வெறும் போத்தல் கொண்டுபோங்கள். குந்தும் வகை என்றால் கூடு போல உயர்ந்த பக்கத்தைப் பார்த்துக் குந்த வேண்டும்.

கரண்ட் 100 வோல்ட், தட்டையான இரண்டு கம்பிப் பிளக். கைபேசிச் சார்ஜருக்குப் பிரச்சினையில்லை. ஊரிலிருந்து கொண்டுபோகும் 230 வோல்ட் கேத்தில் அங்கே ஐந்திலொரு பங்கு வலுவில்தான் சுடும், கொண்டுபோகாதீர்கள். குளிர்காலத்தில் பழைய மரவீடு உள்ளேயும் குளிரும். மண்ணெண்ணெய் ஹீற்றர் தந்தால் இடைக்கிடை சன்னலைத் திறவுங்கள், படுக்கமுன் நிற்பாட்டுங்கள். பல ஹீற்றர்கள் 3 மணித்தியாலத்தில் தாமாகவே நிற்கும். பழுதென்று நினைத்து வீட்டுக்காரரை எழுப்ப வேண்டாம்.

காலை 10 மணிக்குள் வெளிக்கிட வேண்டும். விரிப்பைக் கழற்றி மடித்து மெத்தை மேல் வைத்தால் போதும். சந்தோசம் என்று காசு நீட்டினால் திருப்பித் தந்துவிடுவார்கள். கொடுக்க விரும்பினால் ஒரு சின்னப் பெட்டி இலங்கைத் தேயிலை. கறுத்தக்கொழும்பான் எவ்வளவு பழுத்திருந்தாலும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள், மாம்பழத்தை அங்கத்தைய விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள்.