நார்அட்ரினலின் பம்ப் ரேட்: கணக்கு எங்கே தவறுகிறது?

"நார்அட் 0.1-ல ஸ்டார்ட் பண்ணுங்க" என்றால், பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்று பொருள். சிரிஞ்ச் பம்புக்கோ மணிக்கு எத்தனை எம்எல் என்று சொல்ல வேண்டும். ஐசியுவில் நாங்கள் பார்த்தவரை, இந்தக் கணக்கில் பெருக்கல் தப்புவது அபூர்வம். சிரிஞ்சுக்குள் ஒரு எம்எல்லில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்ற இடத்தில்தான் கோட்டை விடுகிறோம். அதனால் முதலில் அதை முடியுங்கள்.

ஆம்பூலை வெளிச்சத்தில் பிடித்து முழுதாகப் படியுங்கள். நம் ஊர் 2 எம்எல் ஆம்பூல்கள் பலவற்றில், ஒரு எம்எல்லில் நார்அட்ரினலின் பைடார்ட்ரேட் (மருந்தின் உப்பு வடிவம்) 2 மி.கி., அது 1 மி.கி. நார்அட்ரினலினுக்குச் சமம் என்று இரண்டு எண்களும் அச்சிட்டிருக்கும். நாங்கள் கணக்கில் எடுப்பது இரண்டாவது எண். இரண்டு ஆம்பூல் 4 எம்எல், அதில் 4 மி.கி. மருந்து. அதோடு 46 எம்எல் 5% டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்தால் மொத்தம் 50 எம்எல். 4000 மைக்ரோகிராமை 50-ஆல் வகுத்தால் எம்எல்லுக்கு 80. முதல் எண்ணை எடுத்தவர் இதையே 160 என்று நினைத்து ரேட்டைப் பாதியாக வைப்பார். பிபி ஏறாது, காரணமும் புரியாது. உங்கள் யூனிட் எந்த எண்ணில் கணக்குப் போடுகிறது என்பதை முதல் டியூட்டியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 50 எம்எல் திரவத்தின் மேல் ஆம்பூலைக் கொட்டுவதும் நடக்கிறது. அப்போது மொத்தம் 54 எம்எல், எம்எல்லுக்கு 74 மைக்ரோகிராம்தான்.

இனி 60 கிலோ நோயாளிக்குப் போடுவோம். 0.1 × 60 கிலோ = நிமிடத்துக்கு 6 மைக்ரோகிராம். மணிக்கு 6 × 60 = 360. 360 ÷ 80 = 4.5. பம்பில் மணிக்கு 4.5 எம்எல். டோஸை 0.2 ஆக்கினால் 9. எடையை அட்டெண்டர் சொன்னதை வைத்து எழுதாமல், முடிந்தால் படுக்கைத் தராசில் பாருங்கள்.

60-ஆல் பெருக்குவது நிமிடக் கணக்கு ஆர்டருக்கு மட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினுக்கு ஆர்டர் மணிக் கணக்கில் வரும். கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட் என்றால் 60 கிலோவுக்கு 1080 யூனிட். 25,000 யூனிட்டை 50 எம்எல் ஆக்கினால் எம்எல்லுக்கு 500, ரேட் 2.16, பம்பில் 2.2. பழக்கத்தில் இங்கேயும் 60-ஆல் பெருக்கிவிட்டால் மணிக்கு 130 எம்எல் வரும். 50 எம்எல் சிரிஞ்சுக்கு அப்படி ஒரு எண் வந்தால் பம்பைத் தொடாமல் ஆர்டரைத் திரும்பப் படியுங்கள்.

அதிகம் பயப்பட வேண்டியது டபுள் ஸ்ட்ரென்த். டோஸ் ஏறிக்கொண்டே போகும்போது, திரவம் குறைய வேண்டும் என்று 8 மி.கி.யை 50 எம்எல்லில் கலக்கிறோம். ஒரு எம்எல்லில் 160 ஆகிவிடும். சிரிஞ்ச் மாறி, ரேட் பழையபடியே நின்றால் டோஸ் ஒரே நொடியில் இரட்டிப்பு. அதனால் லேபிளில் 'நார்அட் 2 ஆம்பூல்' என்று மட்டும் எழுதுவதை நாங்கள் ஏற்பதில்லை. மருந்தின் பெயர், மி.கி., மொத்த எம்எல், ஒரு எம்எல்லில் எத்தனை மைக்ரோகிராம், கலந்த நேரம், கையெழுத்து, எல்லாம் வேண்டும். டியூட்டி மாறும்போது வருபவர் லேபிளைப் பார்த்துத் தானே ஒருமுறை கணக்குப் போட வேண்டும். முந்தையவரின் விடையைச் சரிபார்க்கச் சொன்னால் கண் அதையே சரி என்று சொல்லிவிடும்.

பம்பில் எடையும் செறிவும் கொடுத்தால் அதுவே ரேட்டைக் காட்டும். நல்ல வசதிதான், ஆனால் போன நோயாளியின் எடை உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். சிரிஞ்சின் பிராண்டையும் சரியாகத் தேர்வு செய்யுங்கள். உள்விட்டம் வேறானால் திரையில் 4.5 ஓடும், நரம்பில் போவது வேறாக இருக்கும்.

அடைப்பு அலாரம் அடித்தால் உடனே கிளாம்ப்பைத் திறக்காதீர்கள். டியூபில் தேங்கிய மருந்து போலஸாக, அதாவது ஒரே மொத்தமாக உள்ளே போய் பிபி எகிறும். த்ரீ-வேயில் (டியூபில் உள்ள மூவழித் திருகில்) நோயாளி பக்கத்தை மூடி, அழுத்தத்தை வெளியே விட்டு, பிறகு ஓட்டுங்கள்.