ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் இருக்கும் எண்கள்: ஒரு மாத அனுபவம்

என் ஸ்பீக்கர் பெட்டிகளின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் இப்படி இருக்கிறது: 8 ஓம், 60 வாட், 87 டெசிபெல். இத்தனை நாளும் வாட்டை மட்டும்தான் பார்த்துவந்தேன். மற்ற இரண்டும் என்ன சொல்கின்றன என்று ஒரு மாதமாக மல்டிமீட்டரும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஓம். ஒயரைக் கழற்றிவிட்டு அளந்தால் 6.3 வந்தது. பழுது ஏதும் இல்லை. மல்டிமீட்டர் அளப்பது ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயிலின், அதாவது கம்பிச்சுருளின், நேர்மின் தடையை. பாட்டு ஓடும்போது இருப்பது இம்பிடன்ஸ், அதாவது மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு. அது அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) தானாகவே அதிகம் அதிரும் ஒத்ததிர்வு இடத்தில் 20, 30 ஓம்கூடப் போகும். 8 என்பது பெயருக்குச் சொல்லும் எண். எங்கே மிகவும் இறங்குகிறது என்பதுதான் ஆம்ப்ளிஃபையருக்கு முக்கியம். அங்கேதான் ஸ்பீக்கர் அதிக மின்னோட்டம் இழுக்கும், ஆம்ப்ளிஃபையர் சூடாகும்.

87 டெசிபெல்தான் எனக்குப் பெரிய திறப்பு. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் கிடைக்கும் சத்தம் அது. வாட் இரட்டிப்பானால் 3 டெசிபெல் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதாவது 10 மடங்கு வாட். 60 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 2.2 டெசிபெல்தான். 90 டெசிபெல் ஸ்பீக்கராக இருந்தால் இதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். இனி ஸ்பீக்கர் வாங்கினால் இந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். பிஎம்பிஓ (கண நேர உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதைப் பார்க்கவே வேண்டாம். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் வாட், எவ்வளவு என்று கேளுங்கள்.

மூன்றாவது வாரம்தான் முக்கியமானது. ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடும்போது பேஸ் (தாழ்ந்த ஒலி) நன்றாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் மெலிந்துவிடும். பாடுபவரின் குரலும் நடுவில் நிற்காமல் அறையெங்கும் பரவிக் கிடக்கும். 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, பிளஸ்ஸைச் சிவப்பு முனையிலும் மைனஸ்ஸைக் கறுப்பு முனையிலும் ஒரு நொடி தொட்டேன். இடது வூஃபரின் கோன் டக்கென்று வெளியே வந்தது. வலது வூஃபரில் அதையே செய்தேன், உள்ளே போனது! ஒன்று காற்றைத் தள்ள, மற்றது இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஃபேஸ் மாறியிருக்கிறது என்பார்களே, அது இதுதான். பெட்டியைத் திறந்தால், முன்பு பழுது பார்த்தபோது உள்ளே ஒயரை மாற்றிப் பற்றவைத்திருந்தது தெரிந்தது. சரிசெய்து டிரம் அதிகமுள்ள பாட்டு ஒன்றைப் போட்டேன். அடி நெஞ்சில் விழுந்தது. குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவே, யாரோ நிற்பதுபோல வந்து நின்றது. அன்று இரவு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

திறந்த கையோடு, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரையும் பார்த்தேன். வூஃபருக்கு ஒரு காயில், உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, அவ்வளவுதான். 8 ஓம் ட்வீட்டருக்குக் கணக்குப் போட்டால், பிரியும் இடம் சுமார் 4,200 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ட்வீட்டருக்குப் போவது 6 டெசிபெல் அளவுக்குக் குறையும்.

அப்புறமும் ஒரு குறை இருந்தது. பேஸ் கிட்டாரின் சில சுரங்கள் மட்டும் காணாமல் போயின. அறையின் நீளம் 4 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்று கொண்டால் அந்த நீளத்தில் 43, 86 ஹெர்ட்ஸ் இரண்டும் நிலையலையாக, அதாவது அறையின் சில இடங்களில் உரத்தும் சில இடங்களில் அடங்கியும், நிற்கும். போனிலிருந்து 86 ஹெர்ட்ஸ் ஒலியை ஸ்பீக்கரில் ஓடவிட்டு மெதுவாக நடந்தேன். சுவர் ஓரத்தில் உறுமல், பின்சுவரிலிருந்து 1 மீட்டரில் கிட்டத்தட்ட மௌனம். தலையை ஒரு முழம் நகர்த்தினால் திரும்ப வருகிறது. என் நாற்காலி சரியாக அந்த 1 மீட்டரில்தான் இருந்தது. இப்போது 40 சென்டிமீட்டர் முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறேன். காணாமல் போன சுரங்கள் கேட்கின்றன.