செகர்ஸின் பள்ளத்தாக்கு

ஹெர்குலிஸ் செகர்ஸ் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர். மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத நாட்டில் இருந்துகொண்டு மலையும் பாறையுமாக எட்சிங் (செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்துக் கோடு பதித்து, அதிலிருந்து படம் அச்சடிக்கும் முறை) செய்து தள்ளிய மனுஷன். ‘வேலியிட்ட வயல்களுள்ள மலைப் பள்ளத்தாக்கு’ என்ற அவருடைய அச்சுப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், அலுக்கவே இல்லை. பாறைகள் காரை பெயர்ந்த பழைய சுவர் மாதிரி பொரிந்து கிடக்கின்றன. கீழே வேலி வேலியாக வயல்கள். அந்தச் சின்னக் கோடுகளைப் பார்த்த பிறகுதான் அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்றே உறைக்கிறது.

அந்தக் காலத்தில் அச்சுப் படம் என்றால் வெள்ளைத் தாளில் கறுப்பு மை, எல்லாப் பிரதியும் ஒரே மாதிரி. இவரோ வண்ண மையில், சாயம் பூசிய தாளில், சில சமயம் துணியில்கூட அச்சடித்து, மேலே தூரிகையும் ஓட்டினார். ஒரே தகடுதான், ஆனால் ஒரு பிரதியில் விடிகாலை, இன்னொன்றில் அந்தி!

புகழ்பெற்ற டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டிடம் செகர்ஸின் ஓவியங்கள் 8 இருந்ததை ரெம்ப்ராண்டின் 1656ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல் சொல்கிறது. அப்புறம், செகர்ஸின் செப்புத் தகடு ஒன்றும் அவர் கைக்கு வந்தது. அதிலிருந்த, பைபிள் கதையில் வரும் தோபியாவையும் தேவதூதரையும் சுரண்டிவிட்டு, எகிப்துக்குத் தப்பிப்போகும் திருக்குடும்பத்தை (குழந்தை இயேசு, மரியாள், யோசேப்பு) பொறித்தார். நிலக்காட்சியில் பெரும்பகுதியைத் தொடவில்லை. மரங்களுக்கு நடுவே தேவதூதரின் இறக்கைத் தடம் இன்னும் தெரிகிறது.

ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் செகர்ஸின் படங்கள் கிடைக்கின்றன. போனில் வேண்டாம், பெரிய திரையில் பாருங்கள்.