ஏழு நாள் அட்டை

2009 மார்ச் 3

பயலுக்கு அடுத்த வாரம் இரண்டு மாதம் முடிகிறது. மூளைக்காய்ச்சல் 'பி' வகைக்கு வரப்போகிற தடுப்பூசியின் ஆய்வில் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நோயில்லாத குழந்தைகள்தான் வேண்டுமாம். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். குழந்தைக்குப் பலன் இருக்கும் என்று உறுதி கிடையாது. இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மார்ச் 4

பாளையங்கோட்டைக்கு போன் போட்டேன். "ஏட்டி, நல்லா இருக்க பிள்ளைக்கு எதுக்கு? ஊரான் பிள்ளைக்குப் போட்டுப் பாத்துட்டு நம்ம பிள்ளைக்குப் போடட்டும்" என்றாள் அம்மா. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்க்கச் சொல்லும் பழமொழியை வாய் ஓயாமல் சொல்பவள் அவள்தான்! 'சி' வகைக்கான ஊசியை நாங்கள் இருக்கிற பிரிட்டன்தான் 1999 நவம்பரில் முதலில் போடத் தொடங்கியது. அடுத்த மாதம் இவனுக்கும் அது உண்டு. அதற்கு முன்னால் யாரோ ஊரான் பிள்ளைகள் கை நீட்டியிருக்கிறார்கள்தானே. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, சண்டை வரும்.

மார்ச் 9

டாக்டரிடம் 'பி'க்கு ஏன் இத்தனை வருஷம் என்று கேட்டேன். மற்ற வகைகளில் கிருமியின் மேலுறைச் சர்க்கரையை வைத்தே ஊசி செய்துவிடலாம். 'பி'யின் உறையோ நம் நரம்புத் திசுவில் இருப்பதைப் போலவே இருக்கிறது, அதனால் உடம்பு அதை எதிரியாகப் பார்ப்பதில்லை. நியூசிலாந்தில் 2004 முதல் ஒரு ஊசி போட்டார்கள், ஆனால் அது அந்த ஊரில் பரவிய கிருமிக்கென்றே செய்தது. 2000-ல் கிருமியின் மரபணு வரிசை முழுவதும் வெளியான பிறகு, அதில் தேடிப் புரதங்களைப் பொறுக்கியெடுத்தார்கள். அந்தப் புரதங்களோடு நியூசிலாந்துச் சரக்கையும் சேர்த்ததுதான் இந்த ஊசி.

கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 10

யாருக்கு என்ன ஊசி என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கலில் எடுக்கிறது. எங்களுக்குப் புது ஊசியே விழுந்தது. முதலில் ரத்தம். மரத்துப்போகிற களிம்பு தடவியும் இடது கையில் நரம்பு சிக்கவில்லை. வலது கைக்கு மாறும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரவு 11: உடம்பு கொதிக்கிறது, 38.6 டிகிரி செல்சியஸ். காய்ச்சல் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்னது வேறு, மடியில் கிடந்து முனகுவது வேறு. பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன். "ஒரு வார்த்தை சொன்னா விலகிடலாம்" என்றார் அவர். நான் பதில் சொல்லவில்லை. 2 மணிக்கு வேர்த்தது, பால் குடித்தான்.

மார்ச் 12

ஏழு நாளைக்கு நிரப்ப ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள்: காய்ச்சல், தூக்கம், அழுகை, பால். கூடவே ஒளி ஊடுருவும் சின்ன ஸ்கேல். தொடையில் ஊசி போட்ட இடத்துச் சிவப்பின் மேல் அதை வைத்து அளந்தால் முதல் நாள் 22 மில்லிமீட்டர், இன்று 9. காலை உதைத்துக்கொண்டே இருப்பவனை அளப்பதற்குள் போதும் போதும் என்றாகிறது.

ஜூன் 11

மூன்று ஊசியும் முடிந்து ஒரு மாதம். இன்று மறுபடி ரத்தம். அதிலிருந்து பிரித்த நீரில் உயிருள்ள கிருமியை விட்டு, சாகிறதா என்று பார்ப்பார்களாம். குழாயில் பெயர் இல்லை, ஒரு எண்தான். இந்த முறை முதல் குத்திலேயே கிடைத்தது.

இரவு அம்மா போனில், "எவ்ளோ எடுத்தாங்க?"

"ஒரு டீஸ்பூன் இருக்கும்மா."

"பாவிப்பய... அழுதானா?"

"பஸ்ஸுல ஏறுனதும் தூங்கிட்டான்."