சுவக்கீன் சேரும் ஒரு காகமும்

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கக் கிளையின் மலர்க்குழு எனக்கு இரண்டு பக்கமும் ஒரு நிபந்தனையும் தந்தது: "அளவையியல் சேரைப் பற்றி எழுதுங்கோ, ஆனால் பிள்ளையளும் வாசிக்கிற மாதிரி எழுதுங்கோ." தென்னாப்பிரிக்காவில், டேர்பனில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் தமிழ் வாசிப்பதில்லை என்பது குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரியும். சரி, யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அளவையியல், அதாவது தர்க்கம், படிப்பித்த சேரைத் தெரிந்தவர்களுக்கே எழுதுகிறேன்.

சேர் கடந்த மாசியில் காலமானார். தொண்ணூறைத் தாண்டியிருந்தார். செத்தவீட்டுக்கு நம் கிளையிலிருந்து ஒருவரும் போகவில்லை. மலர்வளையத்துக்குக் காசு அனுப்பினோம். சாட்ஸ்வேர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் இரங்கல் கூட்டம் வைத்தோம். கல்லூரிக் கீதத்தின் இரண்டாம் சரணம் வழக்கம்போல யாருக்கும் வரவில்லை. முதலாவதையே இரண்டு தரம் பாடிவிட்டு இருந்தோம். பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினார்கள். "ஒழுக்கத்தின் சிகரம்", "அறிவுக் களஞ்சியம்" என்றெல்லாம் வந்தது. சேர் முன்வரிசையில் இருந்திருந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் வரைவிலக்கணம் கேட்டிருப்பார்.

இடைவேளைக்குப் பிந்திய பாடம் அவருடையது. மேல்மாடி, கிணற்றுப்பக்க வகுப்பு, விரலில் கன்ரீன் வடை எண்ணெய். பார்பரா, செலாரெண்ட் என்று தர்க்க வடிவங்களின் லத்தீன் பெயர்களைத் தேவாரம் மாதிரி ராகத்தில் ஒப்புவித்து முடித்த பிறகுதான் சேர் சோக்கட்டியை எடுப்பார். பாடத்திட்டத்தில் இருந்தது அளவையியலும் விஞ்ஞான முறையும். சேர் அதை மூன்றாம் தவணைக்குள் ஓட்டி முடித்துவிட்டு, சோதனைக்கு வராத ஒன்றைத் தொடங்குவார்: உண்மை என்றால் என்ன?

இங்கேதான் அவருடைய ஆள் வருவார். ஹரோல்ட் யோவாக்கிம், ஒக்ஸ்போர்ட் பேராசிரியர், 1868இல் பிறந்து 1938இல் இறந்தவர். உலகம் போற்றிய வயலின் மேதை யோசப் யோவாக்கிம் அவருக்குப் பெரியப்பனா சிற்றப்பனா என்று நாங்கள் அடிபடுவோம். தகப்பனின் சகோதரன் என்பதோடு சேர் விட்டுவிடுவார். 1914இல் கவிஞர் ரி. எஸ். எலியட் மேர்ட்டன் கல்லூரிக்குப் போய் இவரிடம்தான் அரிஸ்டோட்டில் படித்தார். இவர் 1906இல் உண்மையின் இயல்பைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். அதன் ஒரு பிரதி, பேராதனைக் காலத்தில் வாங்கியது, பிரவுண் கடதாசி உறையோடு சேரின் கைப்பைக்குள் எப்போதும் இருக்கும். வகுப்பிலிருந்த கத்தோலிக்கப் பெடியள் அந்தப் பெயரைக் கேட்ட அன்றே நெற்றி நிறையத் திருநீறு பூசிய எங்கள் சேருக்கு, யோவாக்கிம் என்ற பெயரின் தமிழ்க் கத்தோலிக்க வடிவமான 'சுவக்கீன்' என்று பட்டம் வைத்தார்கள். பட்டம் அவருக்குத் தெரியும். மறுக்கவில்லை.

புத்தகத்தின் சாரம் இது. ஒரு வாக்கியம் வெளியே உள்ள ஒன்றோடு சரியாக ஒத்துப்போனால் அது உண்மை என்பது நம் எல்லோருடைய நினைப்பு. ஆங்கில மெய்யியலாளர் பேர்ட்ரண்ட் ரசல் அந்தக் கட்சி. யோவாக்கிம் இல்லை என்றார். வாக்கியத்தையும் உலகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க, இரண்டுக்கும் வெளியே நிற்கும் ஆள் யார்? நாம் ஒன்றை ஏற்பதும் தள்ளுவதும் அது நாம் அறிந்த மற்ற எல்லாவற்றோடும் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான். ஆகவே முழு உண்மை என்பது முழுமைக்குத்தான் உரியது. தனியே நிற்கும் எந்த வாக்கியமும் ஓரளவுக்குத்தான் உண்மை.

சேர் இதைப் பாடபேதத்தை வைத்து விளக்குவார். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது முன்னால் இருந்தவை செல்லரித்த ஏடுகள். ஓர் ஏட்டில் ஒரு சொல், இன்னோர் ஏட்டில் வேறு சொல். எது சரி என்று போய்க் கேட்கப் புலவர் உயிரோடு இல்லை. அடியோடு, பாட்டோடு, திணையோடு, யாப்போடு எது பொருந்துகிறதோ அதை எடுக்கிறார். "அரிஸ்டோட்டிலின்ர கிரேக்க ஏட்டை வைச்சுக்கொண்டு யோவாக்கிம் செய்ததும் இதுதான். பதிப்பாசிரியன் மெய்யியல் எழுதினால் இப்பிடித்தான் எழுதுவான்" என்பார். யோவாக்கிமின் கட்சியான கருத்துமுதல்வாதம் பற்றிப் பிறகு நான் வாசித்த எதிலும் இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

ரசலின் பதிலையும் அவரே சொல்வார், அதுவும் ருசித்து. ஆயர் ஸ்டப்ஸ் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார் என்று ஒருவன் சொல்கிறான். ஸ்டப்ஸ் மரியாதையான வரலாற்றாசிரியர், ஒக்ஸ்போர்ட் ஆயர், 1901இல் இயல்பாகக் காலமானவர். ஆனால் அந்தப் பொய்யோடும் அழகாகப் பொருந்துகிற வேறு பொய்களைச் சோடித்து ஒரு முழு உலகத்தையே கட்டிவிடலாமே? பொருந்துவது மட்டும் போதும் என்றால் பாவம், ஆயர் தூக்கில்தான் தொங்க வேண்டும். நாங்கள் மேசையில் தட்டுவோம். சேர் சிரிப்பு அடங்கும் வரை நின்று, "ஆனால் கேள்வி முடியேல்லை" என்பார்.

இனி காகம்.

அன்று நான் பிந்தி வந்தேன். கிணற்றுக்கட்டில் சைக்கிள் திறப்பை வைத்துவிட்டு முகம் கழுவும்போது ஒரு காகம் இறங்கி, அந்த மினுங்கும் சின்னத் திறப்பைக் கொத்திக்கொண்டு பக்கத்து வளவுப் பனைக்குப் போய்விட்டது. கல்லெறிந்தும் பலனில்லை. நடந்தே வந்தேன். "ஏன் பிந்தினனீர்?" என்று சேர் கேட்க, நடந்ததைச் சொன்னேன். வகுப்பு சிரிப்பில் இடிந்து விழுந்தது.

சேர் சிரிக்கவில்லை. பலகைப் பக்கம் திரும்பி, 'காகம் திறப்பைத் தூக்கியது' என்று முத்து முத்தாக எழுதி அடிக்கோடு இட்டார். "இந்த வாக்கியம் உண்மையா? சித்தியார் சொன்ன அளவைகளால பாப்பம்." சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், ஒன்றை அறியும் வழிகளை அளவைகள் என்கிறது. காட்சி: கண்டவர் யார்? காகத்தைக் கூப்பிட ஏலாது. கருதல்: திங்கட்கிழமை, முதல் நாள் இரவு கோயிலில் நாதஸ்வரக் கச்சேரி, பிந்தி வந்த மாணவன், என்ன அனுமானிக்கலாம்? உரை: சொல்பவர் நம்பத்தகுந்த ஆப்தராக இருக்க வேண்டும். "இவர் ஆப்தரா?" பின்வாங்கிலிருந்து ஒரே குரலில், "இல்லை சேர்!" கடைசியாகத் தன் ஆளிடம் வந்தார். "நாங்கள் அறிஞ்ச காகம் வடை தூக்கும். திறப்புத் தூக்குமா? பொருந்துதா?" முப்பது கைகள் எழுந்தன. வாக்கியத்துக்குக் கீழே 'பொய்' என்று எழுதினார். மணி அடிக்கும் வரை நான் நின்றேன். பக்கத்து வகுப்புக்காரர் ஜன்னலால் எட்டிப் பார்த்ததும், அவர்களுக்குள் மகளிர் கல்லூரியில் தங்கை படிக்கும் ஒருவன் இருந்ததும், அன்று மாலையே ஊர் முழுக்க எனக்குக் 'காகம்' என்று பெயர் விழுந்ததும் நீங்கள் அறிந்ததே. கிளைக் குழுவில் பேத்தி கண்டவர்கள்கூட இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மணி அடித்த பிறகு சேர் பலகையை அழிக்காமல், 'பொய்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். "தூக்கியிருந்தால்? வெள்ளிக்கிழமை யோசிச்சுக்கொண்டு வாங்கோ."

வெள்ளிக்கிழமை அவர் எடுத்தது புத்தகத்தின் கடைசிப் பகுதி. முப்பது பேருடைய உலகம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கிறது. ஒரு காகம் அதற்கு வெளியே இருக்கிறது. முப்பது பேரும் பிழையென்றால் அந்தப் பிழை எங்கிருந்து வந்தது? எல்லாம் ஓரளவு உண்மை என்று சொல்லும் கொள்கை, தான் சரி என்று அடித்துச் சொல்லும் பிழையை எங்கே வைக்கும்? அதைவிட, 'எந்தத் தனிக் கூற்றும் முழு உண்மை அல்ல' என்ற கூற்று முழு உண்மையா? யோவாக்கிம் இதையெல்லாம் தானே கேட்டுக்கொண்டு, துறைமுக வாசல் வரை வந்த கப்பல் அங்கேயே உடைந்துவிட்டது என்ற கருத்தில் தன் புத்தகத்தை முடிக்கிறார். சேருக்கு அந்த மனிதரில் இருந்த பக்தியெல்லாம் அந்த முடிவுக்காகத்தான். "தன்ர கொள்கை கரை சேரேல்லை எண்டு தானே எழுதி அச்சடிச்ச ஆள்" என்று சொல்லும்போது குரல் இறங்கும்.

அருமையான பாடம். ஆனால் அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, "உம்மை நம்புறன்" என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. அதற்கு ஒரு நொடி போதும். முப்பது பேர் முன்னால் கேட்டதை முப்பது பேர் முன்னால் தீர்த்திருக்கலாம். நல்ல ஆசிரியர்கள் பாடத்துக்காக ஒரு பெடியனைச் செலவழிக்கத் தயங்குவதில்லை என்பது என் அபிப்பிராயம். இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லப்போய், தலைவர் மணியைத் தட்டிவிட்டார்.

எண்பதுகளில் ட்ரான்ஸ்கைக்குக் கணித ஆசிரியர் வேலைக்கு வந்தேன். வந்தவர்களுக்குத் தெரியும்: தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு கறுப்பினத்தவருக்கென்று வெட்டிக் கொடுத்து, 1976இல் 'சுதந்திரம்' பெற்று, உலகம் ஏற்றுக்கொள்ளாமலே 1994இல் மறைந்த நாடு அது. அதன் தலைநகர் உம்டாட்டாவிலிருந்து சேருக்கு முதல் கடிதம் போட்டேன். பதிலில் சுகம் விசாரிப்பு ஒரு வரி. மிச்சம் முழுக்க, "'ட்ரான்ஸ்கை ஒரு நாடு' என்ற வாக்கியம் உண்மையா, பொய்யா, ஓரளவா?" நான் வெட்டைவெளிக் குளிரில் பிரைமஸ் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து ஆறு பக்கம் எழுதினேன். அப்படித்தான் அது தொடர்ந்தது. வகுப்பில் வாய் திறக்கப் பயந்தவனுக்குத் தபாலில் துணிவு வந்தது.

1995 ஒக்டோபரில், யுத்தத்தால் யாழ்ப்பாணமே வெளியேறிய இடப்பெயர்வில் சேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தார். கைப்பை போய்விட்டது, யோவாக்கிமும் போய்விட்டார். அடுத்த ஆண்டு இங்கே டுட்டு ஆயரின் தலைமையில், நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்கும் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு அமர்வுகள் தொடங்கின. ஞாயிறு மாலைகளில் எஸ்ஏபிசி தொலைக்காட்சியில் அதைப் பார்ப்போம். பக்கத்து வீட்டுக் கிழவி, கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பத்தின் நாலாம் தலைமுறை, அரைத் தமிழில் ஒருநாள் கேட்டார்: "தம்பி, எல்லாம் சொல்லிட்டா உட்டுடுவாங்களா?" ஓம், சட்டம் அப்படித்தான்: அரசியல் நோக்கம் இருக்க வேண்டும், தொடர்புடையவை முழுவதையும் வெளிப்படுத்த வேண்டும், அப்போது மன்னிப்பு. 7,112 பேர் விண்ணப்பித்தார்கள், 849 பேருக்குக் கிடைத்தது. இதைச் சேருக்கு எழுதினேன். அவர் 'முழுவதையும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். "முழுவதையும் சொல்லிவிட்டான் என்று ஆர் சொல்லுறது? அதைச் சொல்ல அவருக்கு முழுவதும் தெரிந்திருக்க வேண்டுமே. தெரிந்திருந்தால் இவனைக் கேட்பானேன்?"

1998இல் அறிக்கை வந்தது. அதில் உண்மையை நாலாகப் பிரித்திருந்தார்கள்: தடயத்தால் நிறுவும் உண்மை, தனியாள் தன் கதையாகச் சொல்லும் உண்மை, பலர் பேசி எட்டும் சமூக உண்மை, காயம் ஆற்றும் உண்மை. துள்ளிக்கொண்டு எழுதினேன். பதில் ஒரு தபாலட்டையில் வந்தது: "நாலும் சேர்ந்து ஒன்றாகினால் கொள்கை. நாலாகவே நின்றால் பட்டியல்." அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: "ஆனாலும் கேட்கிறார்கள் அல்லவா. இங்கே கேட்பாரில்லை."

பிறகு ஒரு முறை ஒரு புத்தகம் கேட்டார். "உங்கட பக்கம் ஹோர்ன்லே இருந்தவர். கிடைக்குமா பாரும்." ஆல்பிரட் ஹோர்ன்லே, ஒக்ஸ்போர்டில் படித்த கருத்துமுதல்வாதி, 1923இலிருந்து ஜொகன்னஸ்பேர்க்கில் விற்ஸ் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியர். இன உறவுகளுக்கான நிறுவனத்தின் தலைவராக இருந்தபடியே 1943இல் இறந்தார். உலகம் ஒரு முழுமை என்று கற்பித்துக்கொண்டு, துண்டு துண்டாக வெட்டப்படும் ஒரு நாட்டில் வாழ்ந்த மனிதர். அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து சேர் சொல்லித்தான் தெரிந்தது. 1924இல் வந்த அவருடைய கருத்துமுதல்வாத நூலைப் பழைய புத்தகக் கடையில் பிடித்து அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்தது. "நல்ல மனிதன், தளர்ந்த தர்க்கம்" என்று விமரிசனம் வந்தது. கடைசி வரி: "நீர் எப்ப வாறீர்? இங்க வாதாட ஆளில்லை."

யுத்தம் ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த காலம் அது. வருகிறேன் என்று எழுதினேன். மகளின் படிப்பு, வீட்டுக் கடன், டிக்கெட் விலை என்று காரணங்கள் எல்லாம் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்தி நின்றன. பிறகு பாதை பூட்டுப்பட்டது.

உயர்தர வகுப்பில் அவர் இன்னொரு கருத்துமுதல்வாதியான பிராட்லியின் ஒரு கட்டுரையையும் நடத்தியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஒருவன் தான் நிற்கும் இடத்தால்தான் தானாகிறான், அந்த இடத்தின் கடமைகளே அவனுடைய அறம் என்பது அதன் வாதம். பிராட்லியே பிறகு அது போதாது என்று எழுதுகிறார். புறப்பட்டு வந்தவர்களாகிய நாங்கள் அந்தப் பிறகு எழுதிய பக்கங்களைப் பிடித்துக்கொண்டோம். சேர் முதற்பக்கங்களிலேயே நின்றார். பேராதனையில் விரிவுரையாளர் வேலை கிடைத்தும் போகவில்லை என்று அவருடைய மகள் இப்போதுதான் சொன்னார்.

நிற்க, பரிசு விஷயம். அளவையியலில் கூடிய புள்ளி எடுக்கும் மாணவருக்குச் சேரின் பெயரில் வருடாந்தப் பரிசு கொடுக்கக் கிளை தீர்மானித்திருக்கிறது. கூடிய புள்ளிக்கு வேண்டாம், சேருடைய கொள்கையை மறுத்து எழுதும் சிறந்த கட்டுரைக்குக் கொடுப்போம் என்று நான் பிரேரித்தேன். சங்க யாப்பில் அதற்கு இடமில்லை என்கிறார் பொருளாளர். அவரும் அந்த முப்பது பேரில் ஒருவர்தான். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு இருக்கிறது. ஆமோதிக்க எனக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.