திரட்டுவதா, நடமாட வைப்பதா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனைக் கையேட்டைத் தமிழாக்கும்போது, "அறுவை சிகிச்சைக்கு மறுநாளே நோயாளியைத் திரட்ட வேண்டும்" என்று எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் மொபிலைஸ் (mobilise) என்ற வினையைக் கண்டால் 'திரட்டு' என்று எழுதிக் கை பழகியிருந்தது. திரும்ப வாசித்தபோதுதான், ஒற்றை ஆளை எப்படித் திரட்டுவது என்று உறைத்தது. படுக்கையிலிருந்து எழுப்பி நடமாட வைக்க வேண்டும் என்பதே அங்குச் சொல்லவந்த செய்தி.

அசையக்கூடியது எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வினை மொபிலைஸ். நம் 'திரட்டு' என்பதிலோ, சிதறிக் கிடப்பது ஒன்றுசேர்ந்து கெட்டிப்படும் பொருளே முன்நிற்கிறது. தாழியில் வெண்ணெய் திரள்வதும் திரட்டுப்பால் காய்ச்சுவதும் அதனால்தான். படை, நிதி, ஆதரவு என்று வரும் இடங்களில் சேர்ப்பதும் நகர்த்துவதும் கூடியே நடப்பதால், இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. 1914 ஜூலை 30 அன்று ரஷ்யப் பேரரசர் ஒப்புதல் அளித்த பொது அணிதிரட்டலில், வீட்டிலிருந்த ரிசர்வ் வீரர்களை அழைப்பதும், அவர்களை ஆயுதபாணிகளாக்கி ரயிலேற்றி எல்லைக்கு அனுப்புவதும் அடங்கியிருந்தன.

மருத்துவத்தில்தான் இரு சொற்களும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களைத் தானம் செய்வதற்கு முன் ஃபில்கிராஸ்டிம் என்னும் மருந்தைச் சில நாள் ஊசியாகப் போடுவார்கள். எலும்பு மஜ்ஜையில் தங்கியிருக்கும் ஸ்டெம் செல்கள் அதனால் இரத்தத்துக்குள் வந்துவிடும். பிறகு இரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்தி அவற்றைப் பிரித்தெடுப்பார்கள். முதல் படிக்கு ஆங்கிலத்தில் மொபிலைசேஷன் என்று பெயர். இருப்பிடத்தை விட்டுக் கிளப்பிவிடும் அந்த வேலையைத் திரட்டல் என்று எழுதினால், பின்னால் வரும் சேகரிப்போடு குழம்பிப்போகும். பிரிட்டிஷ் மருத்துவமனைக் குறிப்புகளில் மொபிலைஸ் என்ற வினை செயப்படுபொருள் இல்லாமலும் வரும். ஊன்றுகோலோடு நோயாளி நடமாடுகிறார் என்பதற்கு அவர் மொபிலைஸ் செய்கிறார் என்றே எழுதுவார்கள்.

எந்தப் பொருள் என்று ஐயம் வந்தால், எதிர்ச்சொல்லைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். போர் முடிந்து வீரர்களை வீட்டுக்கு அனுப்பினால் அது டிமொபிலைஸ். முறிந்த கைக்கு மாவுக்கட்டுப் போட்டால் இம்மொபிலைஸ். முதலாவது கலைப்பது, இரண்டாவது அசையாமல் வைப்பது.

வங்கிக்காரர்களின் டெபாசிட் மொபிலைசேஷனுக்கு 'வைப்புத்தொகை திரட்டல்' நன்றாகவே பொருந்துகிறது. கட்டுமான ஒப்பந்தங்களில் வரும் மொபிலைசேஷன் அட்வான்ஸ்தான் இன்னும் தொல்லை தருகிறது. ஆட்களையும் இயந்திரங்களையும் பணியிடத்துக்குக் கொண்டுவந்து இறக்க ஒப்பந்ததாரருக்குத் தரும் முன்பணம் அது. சென்ற மாதம் ஓர் ஒப்பந்தத்தில் அதைப் 'பணித் தொடக்க முன்பணம்' என்று எழுதி அனுப்பினேன். பொறியாளர் அதை அடித்துவிட்டு, மொபிலைசேஷன் அட்வான்ஸ் என்றே தமிழெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்.